மலை வீட்டுக்குள் செடி விளக்கு: வயரைத் தொடுவதற்கு முன்னால்

ஜூன் பிறந்துவிட்டால் ஊட்டி, குந்தா, கூடலூர்ப் பக்கம் வெயிலைப் பார்ப்பதே அரிது. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு அந்த இருட்டு ஐப்பசி, கார்த்திகையில் வரும். அது முடிந்ததும் மார்கழி, தையில் உறைபனி. அதனால் வீட்டுக்குள் ஒரு அலமாரித் தட்டில் லெட்யூஸ், கொத்தமல்லி, ஸ்ட்ராபெரி நாற்று என்று எதையாவது வைத்து மேலே விளக்கு போட வேண்டும் என்ற ஆசை இங்கே நிறையப் பேருக்கு உண்டு. செடி விளக்கு என்று பெயர் போட்டு விற்பதெல்லாம் விலை அதிகம், எல்இடி வாங்கி நாமே செய்துகொள்ளலாமே என்றும் தோன்றும். செய்யலாம், கஷ்டமான வேலை இல்லை. ஆனால் தண்ணீர், இரும்பு ஸ்டாண்டு, ஈரக் கை, 230 வோல்ட் நான்கும் ஒரு முழத்துக்குள் ஒன்று சேர்கிற வேலை இது. வீட்டில் இப்படி இன்னொரு இடம் கீசர் இருக்கும் குளியலறைதான், அந்தக் கீசரைக்கூட நாம் ஆள் வைத்துத்தான் மாட்டுகிறோம்.

ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் கரண்ட் வேலை இதுவரை செய்யாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கு இந்தப் பக்கம் உள்ள வேலை மட்டும்தான் இதில் வரும். சுவருக்குள் புது வயர் இழுப்பது, புது பாயிண்ட் வைப்பது, மெயின் போர்டைத் திறப்பது எல்லாம் உரிமம் உள்ள வயர்மேன் செய்ய வேண்டியவை. அதில் கை வைக்காதீர்கள்.

இனி சொல்லப்போகிற எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: 230 வோல்ட் செடித் தட்டுக்கு வரவே கூடாது. அது சுவரோரம், காய்ந்த இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் நின்றுவிட வேண்டும். அங்கே 24 வோல்ட் டிசியாக மாற்றி, அந்த 24-ஐ மட்டும்தான் செடிப் பக்கம் அனுப்ப வேண்டும். நான் இவற்றைக் காய்ந்த பக்கம், ஈரப் பக்கம் என்றுதான் சொல்வேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், தோல் நனைந்திருக்கும்போது உடம்பின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 200 மில்லிஆம்பியருக்கு மேல் வருகிறது. பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிப்போக 10, 15 மில்லிஆம்பியரே போதும். அதே ஈரக் கையோடு 24 வோல்ட் டிசியைத் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் லேசான கூச்சம்தான். 24 வோல்ட் தீப்பிடிக்க வைக்கும், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஆளைப் பிடித்து இழுக்காது.

முதலில் வீட்டைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் எந்த பிளக் பாயிண்டில் மாட்டப்போகிறீர்களோ அதன் முன்னால் போய் நில்லுங்கள். மூன்று ஓட்டை இருக்கும். மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த். நமக்கு நேராகப் பார்க்கும்போது வலது பக்கம் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), இடது பக்கம் நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்). பழைய வீடுகளில் இது மாறியிருப்பது சகஜம், ஸ்விட்ச்சே நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் ஸ்விட்ச்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் நிற்கும், விளக்கு மட்டும் எரியாது.

டெஸ்டர் வைத்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி, ஆனால் அது சொல்வது கொஞ்சம்தான். வலது ஓட்டையில் எரிய வேண்டும், மற்ற இரண்டிலும் எரியக் கூடாது. இடது ஓட்டையிலும் எரிந்தால் நியூட்ரல் எங்கோ விட்டிருக்கலாம். மேலே பெரிய ஓட்டையில் மின்னினால் அந்த பாயிண்டைத் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எர்த் வயரிலேயே கரண்ட் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் பெரிய ஓட்டையில் எரியவில்லை என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அங்கே வயரே இல்லாவிட்டாலும் எரியாது. இந்த ஒரு இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மூன்று சின்ன விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டர் என்று ஒன்று கிடைக்கிறது, பிளக் மாதிரி சொருகினால் எர்த் இருக்கிறதா, ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று காட்டிவிடும், அதை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதுகூட எர்த் இருக்கிறதா இல்லையா என்றுதான் சொல்லும். எர்த் எவ்வளவு நல்ல எர்த் என்று அளக்க வயர்மேனிடம் உள்ள மீட்டர்தான் வேண்டும்.

அதில் நம் மலைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பாறையும் சரிவுமான மண்ணில் எர்த் குழி நன்றாக அமைவது கஷ்டம். மழைக்காலத்தில் சரியாக இருப்பது மாசி, பங்குனியில் மண் காய்ந்ததும் மோசமாகிவிடும். குழியில் எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் வயர் உரசி விளக்கின் இரும்பு உடம்பில் பட்டுவிட்டது. 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். மெயின் போர்டில் உள்ள 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது சுமை கூடினால் தானே அணையும் ஸ்விட்ச், அதற்கு விழாது. விளக்கும் ஸ்டாண்டும் கரண்டோடு நிற்கும், நீங்கள் தண்ணீர் ஊற்ற வருவீர்கள்.

அதனால்தான் ஆர்சிசிபி. எம்சிபியும் இதுவும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், இல்லை. எம்சிபி வயரைக் காப்பாற்றுகிறது: ஓவர்லோடோ ஷார்ட்டோ ஆனால் வயர் உருகாமல் பார்த்துக்கொள்ளும். ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுகிறது: ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லிஆம்பியர் குறைந்தால்கூட அது வேறு வழியில், அதாவது மண் வழியாகவோ ஆள் வழியாகவோ போகிறது என்று கணக்கு வைத்து அணைத்துவிடும். பெரிய கசிவு என்றால் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் அணைக்கும். மேலே சொன்ன 20 ஓம் எர்த், ஏன் 200 ஓம் எர்த்கூட, அதற்குப் போதும். வாங்கும்போது 30 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 100, 300 என்று வருபவை தீ விபத்தைத் தடுக்க, ஆளுக்கு உதவாது.

உங்கள் மெயின் போர்டில் டெஸ்ட் என்று எழுதிய குட்டிப் பட்டன் உள்ள ஸ்விட்ச் இருந்தால் அதுதான் ஆர்சிசிபி. அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாதது போலத்தான், மாற்றச் சொல்லுங்கள். போர்டிலேயே இல்லை, பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் இருக்கிறது என்றால் செடி விளக்குக்குச் செலவு செய்வதற்கு முன்னால் அந்தப் பணத்தை இதற்குச் செலவு செய்யுங்கள். வாடகை வீடு, எஸ்டேட் லைன் வீடு, போர்டில் கை வைக்க விடமாட்டார்கள் என்ற நிலை இருந்தால், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓ ஒன்றைச் சின்னப் பெட்டியில் வைத்து, அதிலிருந்து விளக்குக்கு மட்டும் ஒரு சாக்கெட் எடுக்கச் சொல்லலாம். வீட்டைக் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடலாம்.

என்ன வாங்குவது

முதல் விளக்கு செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லேப்டாப் சார்ஜர் மாதிரி முழுக்க பிளாஸ்டிக்கில் மூடி வரும் 24 வோல்ட் அடாப்டரை வாங்குங்கள். 4 அல்லது 5 ஆம்பியர் வரை கிடைக்கும். 230 வோல்ட் பக்கம் நீங்கள் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட வேண்டியதில்லை, எல்லாம் உள்ளேயே அடைத்து வருகிறது. அதன் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் ஒன்று போட்டிருக்கிறதா பாருங்கள், இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம், அது இருந்தால் எர்த் இல்லாத வீட்டிலும் நம்பி மாட்டலாம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், அடாப்டர்களுக்கு அது கட்டாயம். எண் இல்லாத, எடை குறைந்த, பாதி விலை அடாப்டர்களில் 230-க்கும் 24-க்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். அந்த இடைவெளிதான் உங்களைக் காப்பாற்றுவது.

இன்னும் பெரிதாகச் செய்வதானால், முழுக்க ரெசின் ஊற்றி அடைத்த, தண்ணீரும் தூசியும் புகாத ஐபி67 வகை டிரைவர் வாங்குங்கள், அலுமினிய உடம்போடு வரும். டிரைவர் என்பது 230-ஐ 24 ஆக மாற்றும் பெட்டி. ஓட்டை போட்ட தகரப் பெட்டியில், ஒரு ஓரத்தில் ஸ்க்ரூக்கள் வெளியே தெரிய வரும் எஸ்எம்பிஎஸ் (அதுவும் வோல்ட்டை மாற்றும் பெட்டிதான்) மலிவாகக் கிடைக்கும், கடைப் பெயர்ப் பலகைகளுக்கு வைப்பது. அது இங்கே வேண்டாம். மூடுபனி அந்த ஓட்டை வழியே உள்ளே போகும், தூசியோடு சேரும், அப்புறம் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையின் மேல் கரண்ட் தானே பாதை போட்டுக்கொள்ளும். அதே தகரப் பெட்டியை மழைக்குத் தாங்கும் என்று பேர் வைத்து ஒல்லியாக ஒன்று விற்கிறார்கள், அதையும் திருப்பிப் பாருங்கள், அடியில் திறப்பு இருக்கும்.

எதை வாங்கவே கூடாது என்றால், சதுர அலுமினியத் தகட்டில் 50 வாட் 220 வோல்ட் என்று எழுதி வரும் சிப். டிரைவரே வேண்டாம், நேரே வீட்டு வயரைச் சால்டர் வைத்து ஒட்டினால் எரியும் என்று விற்கிறார்கள். எரியும், பிரமாதமாக எரியும். ஆனால் அந்தத் தகட்டின் மேல் ஓடுவது முழு மெயின்ஸ் கரண்ட். செம்புக் கோட்டுக்கும் கீழே உள்ள அலுமினியத்துக்கும் நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போல ஒரு படலம்தான் தடுப்பு, சூட்டில் அது விரிசல் விட்டால் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் அலுமினியம்), சங்கிலி, ஸ்டாண்டு எல்லாவற்றிலும் கரண்ட் வந்துவிடும். ஒட்டிய இடங்களும் வெளியே திறந்தே இருக்கும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் இடத்தில் இதை வைக்க எந்தச் சமாதானமும் கிடையாது.

ஒட்டுகிற வேலையே வேண்டாம், கடையில் விற்கும் 20 வாட் எல்இடி பேட்டனை (டியூப் லைட் மாதிரி நீள விளக்கு) மாட்டிக்கொள்கிறேன் என்பவர்கள் தாராளமாகச் செய்யலாம், நாற்றுக்கு அதன் வெள்ளை வெளிச்சமே போதும். ஊதா வெளிச்சம் இருந்தால்தான் செடி வளரும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. ஆனால் அதில் 230 செடிக்கு மேலேயே வந்துவிடுகிறது, ஆகவே தண்ணீர் தெளித்தாலும் உள்ளே போகாத ஐபி65 வகை பேட்டன் மட்டும், ஆர்சிசிபி உள்ள பாயிண்டில் மட்டும், ஸ்டாண்டு இரும்பு என்றால் ஸ்டாண்டுக்கு எர்த் கொடுத்து மட்டும்.

உயரம் பற்றி ஒரு சின்ன விஷயம். அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் மலை மாதிரி ஒரு படமும் பக்கத்தில் 2000 மீட்டர் என்றும் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து அவ்வளவு உயரம் வரைதான் அதைச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். குன்னூரும் கோத்தகிரியும் அதற்குக் கீழே. ஊட்டி சுமார் 2240, கொடைக்கானல் சுமார் 2100, கொஞ்சம் தாண்டிவிடுகிறோம். மேலே போகப் போகக் காற்று லேசாகும், சூட்டை எடுத்துப்போகும் சக்தி குறையும், இரண்டு கம்பிக்கு நடுவே பொறி தாண்டாமல் தடுக்கும் சக்தியும் குறையும். இருநூறு மீட்டருக்குப் பயந்து நடுங்க வேண்டியதில்லை, நம் ஊர்க் குளிரும் கொஞ்சம் ஈடு கட்டுகிறது. 5000 மீட்டர் என்று போட்டிருப்பது கிடைத்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் லேபிளில் போட்ட வாட்டில் 70 சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றாதீர்கள். பிராண்டு பெயர் இல்லாத சரக்கில் மிச்சம் பிடித்த அந்த இடைவெளி இங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கணக்கு

60 செ.மீ.க்கு 30 செ.மீ. தட்டு ஒன்றுக்கு, மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் 24 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பில் (வெட்டி ஒட்டும் எல்இடி நாடா) 60 செ.மீ. துண்டு நான்கு போடலாம். மொத்தம் 2.4 மீட்டர், 35 வாட் அளவு. லெட்யூஸுக்குத் தினம் 14 மணி நேரம் எரிந்தால் தாராளம். இரண்டு தட்டு என்றால் 70 வாட். 70-ஐ 24-ஆல் வகுத்தால் 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 24 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும்.

கவனியுங்கள், 230 வோல்ட் பக்கம் அதே 70 வாட்டுக்கு அரை ஆம்பியர்கூட ஆகாது. 24 பக்கம்தான் 3 ஆம்பியர் ஓடுகிறது. தீ விஷயத்தில் கவனிக்க வேண்டிய பக்கம் அதுதான். ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய வயர், காலிங் பெல் வயர் இதற்கு ஆகாது. 1 சதுர மி.மீ. செம்பு வயர் போடுங்கள், ஐஎஸ்ஐ முத்திரையோடு. அடாப்டரிலிருந்து வந்த உடனே, முதல் ஒரு சாணுக்குள், 4 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றை ஹோல்டரில் வைத்து ப்ளஸ் வயரில் சேர்த்துவிடுங்கள். விலை மிகக் குறைவு. எலி கடித்தோ ஈரத்திலோ கீழே ஷார்ட்டானால் அது போய்விடும், வயர் சிவக்காது. தெர்மோகோல் பெட்டிக்குள் நாற்று வைக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

ஈரப் பக்கத்து வேலை

இதை முதலில் முடியுங்கள், கரண்ட் எங்கேயும் சொருகாமல். ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள். அலுமினியச் சேனலில் ஒட்டுங்கள், வெறும் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒட்டினால் சூடு போக வழியில்லாமல் ஒரே வருஷத்தில் மங்கிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் ப்ளஸ், மைனஸ் தனித்தனியாக மெயின் வயரிலிருந்து வர வேண்டும். ஒன்றின் வாலில் அடுத்ததன் தலையைக் கோத்துக்கொண்டே போனால் முதல் துண்டு எல்லாருடைய கரண்டையும் சுமக்கும்.

சால்டர் வைத்த இடங்களை மூட சிலிக்கான் தடவுவார்கள் இல்லையா, அதில் வினிகர் வாசம் அடிப்பதை வாங்காதீர்கள். மீன் தொட்டிக்கும் ஜன்னலுக்கும் போடும் அந்த வகையில் வரும் அமிலம் செம்பைப் பச்சையாக்கி அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள். வயர் சேரும் இடங்களில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது கீழ்நாட்டில் வேண்டுமானால் நிற்கும். இந்த ஈரத்தில் டேப்பின் பசை மூன்று மாதத்தில் உருகிப் பிசுபிசுத்துக் கழன்று தொங்கும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள், அல்லது லீவர் வைத்த கனெக்டர்.

விளக்கைத் தொங்கவிடச் சங்கிலியோ கம்பியோ வேண்டும். வயரில் தொங்கவிடக் கூடாது. இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் தொங்கவிடுகிறார்கள்.

காய்ந்த பக்கத்து வேலை

அடாப்டர் எடுத்தவர்களுக்கு இதில் பாதி மிச்சம். அடாப்டரைத் தரையில் போடாதீர்கள், அலமாரியின் கீழ்த்தட்டிலும் வேண்டாம், தண்ணீர் இறங்கும் இடம் அது. செடித் தட்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, இடுப்பு உயரத்துக்கு மேல், சுவரில் ஒரு பலகை அடித்து அதில் வையுங்கள், சுற்றிலும் காற்று போகட்டும். தகரக் கூரை வீடு என்றால் மேலே அண்ணாந்து பாருங்கள். ராத்திரி விளக்கு அணைந்ததும் செடி விட்ட ஈரக் காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக இறங்கும். எந்த இடத்தில் சொட்டுகிறது என்று ஒரு வாரம் காலையில் கவனித்துவிட்டு அப்புறம் பலகை அடியுங்கள். பிளாஸ்டிக் ஷீட் சுற்றிக் கூடாரம் மாதிரி கட்டுகிறவர்கள் அடாப்டரைக் கண்டிப்பாகக் கூடாரத்துக்கு வெளியே வைக்க வேண்டும்.

எந்த வயராக இருந்தாலும், பிளக்குக்கோ பெட்டிக்கோ ஏறுவதற்கு முன்னால் கீழே ஒரு வளைவாகத் தொங்கி அப்புறம் மேலே ஏற வேண்டும். வயர் வழியே ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்பு இதைவிட வேறு கிடையாது.

அலுமினிய உடம்பு டிரைவர் எடுத்தவர்களுக்கு: அதன் 230 பக்கத்திலிருந்து மூன்று வயர் வரும். பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். நம் சுவர் வயரிங்கில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று பார்த்துப் பழகியிருப்பீர்கள், குழம்பிவிடாதீர்கள். இதை மூன்று பின் பிளக்கோடு சேர்க்க மூன்று கோர் வயர் வேண்டும். இரண்டு கோர் வயர் வாங்கிவிட்டு எர்த்தை அப்படியே வெட்டி விடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, அதுதான் பின்னால் லேசாகத்தான் கரண்ட் அடிக்கிறது என்று சொல்ல வைப்பது. அந்த லேசான கடி சும்மா வருவது இல்லை. டிரைவருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்த சின்னக் கப்பாசிட்டர் எர்த்துக்கு அனுப்ப வேண்டிய கரண்ட் போக இடமில்லாமல் உடம்பில் நிற்கிறது. அதுவே கொல்லாது, ஆனால் எர்த் இல்லை என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது, நாம் கேட்காமல் விட்டால் நாளைக்கு நிஜமான கசிவு வரும்போதும் அதே மாதிரி அலட்சியமாகத் தொடுவோம்.

பிளக்கைத் திறந்தால் உள்ளே எல், என், ஈ என்பதன் ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும்: எல்லில் ஃபேஸ், என்னில் நியூட்ரல், ஈயில் எர்த், அதுதான் பெரிய பின். எர்த் வயரை மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை நீளமாக விடுங்கள், யாராவது தடுக்கி இழுத்தால் ஃபேஸ் முதலில் கழன்று எர்த் கடைசியில் கழல வேண்டும். இழைகளை நன்றாக முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் ஸ்க்ரூவை இறுக்குங்கள். வயரின் வெளி உறை பிளக்குக்குள் வந்து அந்தச் சின்னப் பட்டையின் கீழே பிடிபட்டிருக்க வேண்டும். டிரைவர் வயரும் பிளக் வயரும் சேரும் இடம் ஒரு ஐபி65 பிளாஸ்டிக் பெட்டிக்குள், கீழ்ப் பக்கமாக கேபிள் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கி ஓட்டையை மூடும் திருகு) வைத்து. மேல் பக்கம் ஓட்டை போடாதீர்கள்.

எர்த் வயரை டிரைவர் உடம்பிலோ ஸ்டாண்டிலோ சேர்க்கும்போது பெயிண்டைச் சுரண்டிவிட்டு வட்ட லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து நட்டு போடுங்கள். பெயிண்டுக்கு மேல் வைத்து முறுக்கியது எர்த் ஆகாது.

சொருகுவதற்கு முன்

பிளக் கையில் இருக்கும்போதே மல்டிமீட்டரை எடுங்கள். அலுமினிய டிரைவர் எடுத்தவர்களுக்குப் பெரிய பின்னுக்கும் எர்த் கொடுத்த உடம்புக்கும் நடுவே ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். ஃபேஸ் பின்னுக்கும் உடம்புக்கும், நியூட்ரல் பின்னுக்கும் உடம்புக்கும் ஒன்றும் காட்டக் கூடாது, ஒரு நொடி எண் ஏறி அப்புறம் திறந்த நிலைக்குப் போனால் பரவாயில்லை. 24 பக்கம் ப்ளஸ், மைனஸ் ஷார்ட் இல்லை என்று பாருங்கள்.

முதல் தடவை செடி இல்லாமல், தண்ணீர் இல்லாமல், காய்ந்த மேஜை மேல் வைத்து, ஆர்சிசிபி உள்ள பாயிண்டில், நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது போடுங்கள். மூன்று நான்கு மணி நேரம் எரியட்டும். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரைவர், பிளக், ஜாக், ஒவ்வொரு இணைப்பு என்று கை வைத்துப் பாருங்கள். பத்து நொடி கை வைக்க முடியாத சூடு என்றால் ஏதோ தப்பு. ஒரே ஒரு இணைப்பு மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அது தளர்வாக இருக்கிறது. அணைத்த பிறகும் விளக்கு சில நொடி மங்கலாக மினுக்கினால் பயப்படாதீர்கள், கப்பாசிட்டரில் மிச்சம் இருப்பது. ஆனால் அதனால்தான் டிரைவரைத் திறக்காதீர்கள் என்பது, உள்ளே 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும்.

டைமர், இன்வெர்ட்டர், இடி

டைமர் காய்ந்த பக்கத்தில். முள் சுற்றும் மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும், இங்கே காற்று மழையில் மரம் விழுந்து லைன் போகும் ஊரில் அது வாரத்துக்கு ஒரு தடவை நேரம் தப்பும். பாட்டரி உள்ள டிஜிட்டல் நல்லது. டைமர் அணைத்திருக்கிறது என்பதை நம்பி விளக்கில் வேலை செய்யாதீர்கள், அது ஒரு வயரைத்தான் துண்டிக்கிறது, சாக்கெட் மாறியிருந்தால் அது நியூட்ரலாகவும் இருக்கலாம். வேலை என்றால் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்கு எதிரே வையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும், கரண்ட் இல்லாத நேரம் பார்த்து வேலை செய்யலாம் என்ற யோசனை அங்கே ஆபத்து.

ரூம் ஹீட்டர் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதைச் சொருகவே சொருகாதீர்கள். ஹீட்டர் 2000 வாட், ஒன்பது ஆம்பியர் கிட்ட. அந்த பாக்ஸ் பெரும்பாலும் 6 ஆம்பியர் சரக்கு. விளக்கின் சுமை ஒன்றுமில்லை, ஆனால் பாக்ஸ் உருகும்போது விளக்கும் சேர்ந்து போகும்.

சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல் இடி இறங்கும் நாட்களில் பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் வழி. சர்ஜ் ப்ரொடெக்டர் வைத்திருக்கிறேன் என்பவர்கள் எர்த் சரியாக இருக்கிறதா என்று திரும்பவும் பாருங்கள். அதிகமாக வந்ததைக் கொட்ட எர்த் இல்லாவிட்டால் அது பாதி வேலைதான் செய்யும்.

ஓட ஆரம்பித்த பிறகு

தண்ணீர் ஊற்றும்போது, ஸ்பிரே அடிக்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். வெறும் மழைத்தண்ணீரைவிட உரம் கரைத்த தண்ணீர் கரண்டை நன்றாகக் கடத்தும், காய்ந்த பிறகும் வெள்ளை உப்பாகப் படிந்து, ஈரம் பட்டதும் மறுபடி வேலையைக் காட்டும். இணைப்புகளில் வெள்ளையோ பச்சையோ படிந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கித் துடையுங்கள், திரும்ப வந்தால் அந்த இணைப்பை மாற்றுங்கள். மாதம் ஒரு தடவை ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன். பிளக் பின்கள் பழுப்பேறியிருக்கிறதா, சாக்கெட் பக்கம் கருவாட்டு வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். வீட்டில் யாரும் கருவாடு வறுக்காமல் அந்த வாசனை வந்தால் சாக்கெட்டின் பிளாஸ்டிக் சூட்டில் வேகிறது. எலி கடித்த வயரை டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள், அந்தத் துண்டையே மாற்றுங்கள்.

ஆர்சிசிபி விழுந்தால் அது தொந்தரவு செய்கிறது என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கும். விளக்கைப் பிடுங்கிவிட்டு ஏற்றிப் பாருங்கள், விழாமல் நின்றால் விளக்கில் கசிவு, அப்போதும் விழுந்தால் வீட்டில் வேறு எங்கோ. அதை நேரடியாக இணைத்துத் தாண்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லும் எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

யாருக்காவது கரண்ட் பிடித்துவிட்டால் முதலில் ஆளைத் தொடாதீர்கள். ஸ்விட்ச், இல்லாவிட்டால் மெயின். அதுவும் எட்டாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிட வேண்டும், ஈரக் குச்சி உதவாது. மூச்சு இல்லை என்றால் 108-க்கு அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள், மலைப் பாதையில் ஆம்புலன்ஸ் வர நேரம் எடுக்கும், அதுவரை நிறுத்தக் கூடாது. எழுந்து உட்கார்ந்து எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் ஆஸ்பத்திரியில் காட்டி ஈசிஜி எடுத்துவிடுங்கள். விளக்கிலிருந்து புகையோ நெருப்போ என்றால் தண்ணீர் ஊற்றாமல் மெயினை அணையுங்கள், பவுடர் வகைச் சின்ன தீயணைப்பான் ஒன்று அந்த அறை வாசலில் இருக்கட்டும், விளக்குக்குப் பக்கத்தில் இல்லை.

ஊருக்குப் போகும்போது விளக்கை டைமரில் விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்பீர்கள். இரண்டு மூன்று நாள் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள், நம் குளிரில் லெட்யூஸ் மூன்று நாள் இருட்டில் செத்துவிடாது. அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் தட்டோடு கொடுத்துவிடுங்கள்.